வெள்ளி ரதம் காட்டும் கோலாலம்பூர்

தை பிறந்துவிட்டால் கொங்கு நாட்டு ரோடுகள் எல்லாம் பழனிக்குத்தான். சூலூர், பல்லடம், உடுமலை என்று எங்கே நின்றாலும் காவடி சுமந்த பாதயாத்திரைக் கூட்டம் ஒன்றாவது கண்ணில் படும். இங்கே முருகனைத் தேடி நாம் நடக்கிறோம். அதே தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரில் முருகனே வெள்ளி ரதமேறி, நகரத்தைக் கடந்து பத்துமலைக் குகைக் கோயிலுக்குப் போகிறார். ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அந்த ரதத்தின் பின்னால் போனால் மலேசியத் தலைநகரத்தின் கதை முழுவதும் கிடைத்துவிடும்.

1857-இல் வெள்ளீயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளிகள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் குடியேறினார்கள். அதுதான் நகரத்தின் தொடக்கம். அடுத்த 16 ஆண்டுகளில், 1873-இல், தமிழர் சமூகத் தலைவர் தம்புசாமிப் பிள்ளை மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார். பின்னாளில் ரயில் நிலையம் வந்த இடத்துக்கு அருகே இருந்த அந்தக் கோயில் 1885-இல் ஹை ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறியது. தெருவுக்கு இப்போது சுதந்திர மலாயாவின் முதல் நிதியமைச்சர் துன் எச்.எஸ். லீயின் பெயர். ஐந்து நிலை ராஜகோபுரம் 75 அடி உயரம். சற்றுத் தள்ளி எதிர்வரிசையில் சீனர்களின் குவான் டி கோயில். இரண்டு கோயில்களின் வாசனையும் ஒரே தெருவில் கலந்து வரும்.

பத்துமலைக்குப் போகும் ரதம் இந்த மாரியம்மன் கோயிலுடையது; 1983-இல் வந்தது. ஏறக்குறைய 350 கிலோ வெள்ளி. இந்தியக் கைவினைஞர்களின் வேலை. பூசத்துக்கு முன்னதாக, வள்ளி தெய்வானையோடு முருகனை எழுந்தருளச் செய்து, இரவில் இங்கிருந்து புறப்படுகிறார்கள். வழியெங்கும் கடை வாசல்களில் தேங்காய்க் குவியல். ரதம் நெருங்கும்போது சிதறு தேங்காய் உடைப்பவர்களில் சீன வியாபாரிகளும் உண்டு. தாம்பாளத்தை நீட்டி அர்ச்சனைக்குக் காத்து நிற்கும் சீனக் குடும்பங்களையும் பார்க்கலாம்.

ரதம் கடக்கும் லெபோ அம்பாங், நகரத்தார் செட்டியார்களின் தெரு. அங்கே கிட்டங்கி என்ற வட்டிக்கடைகளில் பெட்டியடியில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த கடனில் தோட்டங்களும் கடைகளும் எழுந்தன. பக்கத்திலேயே, ஆறுகள் கூடும் முனையில், 1909-இல் திறந்த ஜாமிக் பள்ளிவாசல். தூரத்தில் 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் கோபுரங்கள். சுற்றுலா பஸ் தனித்தனியாக நிறுத்திக் காட்டும் இவையெல்லாம் ரதத்துக்கு ஒரே பாதையின் அக்கம்பக்கம்தான்.

ஈப்போ சாலைக்கு வந்தால் செந்தூல் பக்கம். ரயில்வே பட்டறையை நம்பித் தமிழர்கள் குடியேறிய பகுதி. சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். தண்டவாளம் போட்டார்கள், ரோடு போட்டார்கள், தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருந்து விடியுமுன் பால்மரம் என்ற ரப்பர் மரம் சீவப் போனார்கள். அவர்கள் பெயர் எந்தக் கட்டடத்தின் கல்வெட்டிலும் இல்லை.

மறுநாள் ரதம் பத்துமலை சேர்கிறது. சுண்ணாம்புக் குகையில் வேல் வைத்து வழிபாடு தொடங்கியதிலும் தம்புசாமிப் பிள்ளைக்கே பெரும்பங்கு. 1892 முதல் அங்கே தைப்பூசம். 1920-இல் மரப்படி போட்டார்கள். 1940-இல் கான்கிரீட் படி, மொத்தம் 272. அடிவாரத்தில் 140 அடி முருகன் சிலை 2006-இல் எழுந்தது. பால்குடமும் காவடியும் ஏறும் அந்தப் படிகளில் சாதாரண நாளில் சுற்றுலாக் கூட்டம் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடும்.

கோவையிலிருந்து மலேசியா போகிறவர்கள் முடிந்தால் தைப்பூசத்தை ஒட்டிப் போக வேண்டும். இரட்டைக் கோபுரத்தை எந்த நாளும் பார்க்கலாம். கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ரதத்தோடு நடந்து வர, தலைநகரமே போக்குவரத்தை நிறுத்தி வழிவிடுவதை அந்த இரவில் மட்டும்தான் பார்க்க முடியும். 2008 முதல் கோலாலம்பூரில் தைப்பூசம் அரசு விடுமுறை. பத்துமலையில் விழா தொடங்கி 116 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை அது. அந்த நகரத்தைக் கட்டியதில் தங்களுக்கும் பங்குண்டு என்று ஆண்டுதோறும் வீதியில் இறங்கி நினைவூட்டியவர்களுக்கு அது உரியதுதான்.