காடும் ஆறும்: சாள்ஸ் பெரெய்ராவின் கிழக்காபிரிக்க நீரியலாய்வுகள்

காடு மழையைத் தருகின்றது, காட்டை அழித்தால் ஆறு வற்றிப்போகும் என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியாளரும் இதனை ஏற்றே தம் வனக் கொள்கைகளை வகுத்தனர். இலங்கையில் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தோட்டச் செய்கைக்கு விடாது பேண வேண்டுமென 1873 இல் முடிவு செய்யப்பட்டது. தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையே இதற்குக் காரணமாயிற்று. எனினும், காடு எவ்வளவு நீரை ஆற்றுக்கு விடுகின்றது, எவ்வளவைத் தானே உட்கொள்கின்றது என்பது அக்காலத்தில் அளந்தறியப்பட்டிருக்கவில்லை. நம்பிக்கையாக இருந்ததை அளவையின் பாற்படுத்திய அறிஞருள் ஒருவரான சாள்ஸ் பெரெய்ராவின் ஆய்வு வாழ்க்கையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரைக் கொண்டு இவரை நம் நாட்டவர் எனக் கருதிவிடலாகாது. 1913 இல் பிறந்த இவர் ஓர் ஆங்கிலேயர். மண் பௌதிகவியலில் பயிற்சி பெற்றவர். இரண்டாம் உலகப் போரின் பின் கென்யாவுக்குச் சென்று கோப்பி ஆராய்ச்சியில் ஈடுபட்ட இவர், 1952 இல் நைரோபிக்கு அண்மையிலுள்ள முகுகாவில் அமைந்த கிழக்காபிரிக்க விவசாய வனவியல் ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்தார். அவரது பெயரை நிலைநாட்டிய ஆய்வுகள் இங்கிருந்தே தொடங்கின.

அக்காலத்திற் கிழக்காபிரிக்க அரசுகளின் முன் ஒரு சிக்கல் இருந்தது. உயர்நிலக் காடுகளைத் தேயிலைக்கும் மென்மரத் தோட்டங்களுக்கும் விடுவதா, ஆற்றுநீரைக் காக்கும் பொருட்டு அவ்வாறே பேணுவதா என்பதே அது. இரு தரப்பினரும் உறுதியாக வாதிட்டனர். ஆனால் எவரிடமும் அளவீடுகள் இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுவிற்சர்லாந்திலும், பின்னர் அமெரிக்காவிலும் கைக்கொள்ளப்பட்ட இணைப் பள்ளத்தாக்கு முறையைப் பெரெய்ரா தெரிந்தெடுத்தார். ஒத்த தன்மையுடைய இரு சிறு நீரேந்துப் பிரதேசங்களுள் ஒன்று மாற்றமின்றி விடப்படும். மற்றையதில் நிலப்பயன்பாடு மாற்றப்படும். இரண்டிலும் மழை, ஓடையின் பாய்ச்சல், மண்ணின் ஈரம் ஆகியன ஆண்டுக்கணக்கில் அளக்கப்படும். பெய்த மழைக்கும் ஓடிய நீருக்கும் இடையிலான வேறுபாடு, நிலத்திற் சேமிக்கப்பட்டது போக, தாவரங்களும் நிலமும் வளிமண்டலத்துக்குத் திருப்பியனுப்பியதாகும். வானிலை அளவீடுகளைக் கொண்டு ஆவியாதலைக் கணிப்பதற்கு ஹவார்ட் பென்மன் 1948 இல் வெளியிட்ட சூத்திரம் இவ்வாய்வுகளுக்குப் பெருந்துணையாயிற்று.

கென்யாவிற் கெறிச்சோவை அடுத்த தென்மேற்கு மாவு வனத்தில், ஏறத்தாழ 700 ஹெக்டேயர் கொண்ட சம்பிரெற் நீரேந்துப் பிரதேசத்தின் ஒரு பகுதி அழிக்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. அயலிலுள்ள லகன் பிரதேசம் காடாகவே விடப்பட்டது. அபடயர் மலைத்தொடரிலுள்ள கிமாக்கியாவில் மூங்கிற்காடு நீக்கப்பட்டுப் பைன் மரங்கள் நடப்பட்டன; கன்றுகள் வளரும்வரை அவற்றிடையே மரக்கறி பயிரிடப்பட்டது. இன்றைய தன்சானியாவிலுள்ள ம்பேயாவிற் காடு சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கும், செங்குத்தான சரிவிற் குடியானவர் பயிரிட்ட ஒரு பள்ளத்தாக்கும் ஒப்பிடப்பட்டன. உகண்டாவின் கரமோஜாப் பகுதியில் மிகையான மேய்ச்சலாற் புல்லிழந்த நிலம் ஆராயப்பட்டது.

முதற்கட்ட முடிவுகள் 1962 இல் ஒரு தனி வெளியீடாக வந்தன. பெரெய்ரா 1963 இல் மத்திய ஆபிரிக்காவுக்குச் சென்ற பின்னரும், மூன்று நாடுகளும் விடுதலை பெற்ற பின்னரும் அளவீடுகள் தொடர்ந்தன. 1974 வரையான தரவுகள் ஆராயப்பட்டு 1979 இல் வெளியாயின. காடு வெட்டப்பட்ட தொடக்க ஆண்டுகளில் ஓடைநீர் கூடியது, குறையவில்லை. தேயிலையின் இலைத்தொகுதி நிலத்தை மூடியதும், பைன்கள் முதிர்ந்ததும், அவற்றின் நீர்ப்பயன்பாடு முன்னைய காட்டினதை ஏறத்தாழ ஒத்தது. ம்பேயாவின் பயிர்நிலப் பள்ளத்தாக்கிலோ, காட்டுப் பள்ளத்தாக்கைவிடக் கோடைக்காலத்திற்கூட மிகுந்த நீர் ஓடியது.

இதனைக் கண்டு காடு வேண்டியதில்லை என்று முடிவு கூறுவது தவறாகும். ம்பேயாவின் மண் எரிமலைச் சாம்பலாலானது. நீரை மிக எளிதில் உள்வாங்கவல்லது. சம்பிரெற்றில் மண்காப்பு வேலைகள் கவனமாகச் செய்யப்பட்டிருந்தன. இவ்விரண்டும் அமையாத கரமோஜாவிலோ மழைநீர் மண்ணினுட் புகாது நிலத்தின் மேலாகவே ஓடிக் கழிந்தது. புதர் நீக்கப்பட்டு, மேய்ச்சல் கட்டுப்படுத்தப்பட்டு, புல் மீண்ட பின்னரே அந்நிலை திருந்தத் தொடங்கியது. ஆகவே, மரம் நீரை உண்டாக்குவதில்லை. அது நீரைச் செலவிடுகின்றது. ஆனால் காட்டுமண் மழையை ஏற்றுக்கொள்கின்றது. அவ்வேற்கும் ஆற்றலை அழியவிடாது எப்பயிரையும் செய்ய முடியுமா என்பதே உண்மையான வினா. பெரெய்ராவின் ஆய்வுகள் நமக்குத் தரும் தலையாய பேறு இவ்வினாவே எனலாம்.

1969 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்ட பெரெய்ரா, 1973 இல் நிலப்பயன்பாடும் நீர்வளமும் பற்றித் தாம் எழுதிய நூலில் இம்முடிவுகளை உலகின் பிற பகுதிகளின் அனுபவங்களோடு இணைத்து நோக்கினார். 2004 இல் அவர் காலமானார்.

இவ்வாய்வுகளின் எல்லையையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது. கெறிச்சோவின் உயர்நிலங்கள் கிப்சிகிஸ் மக்களிடமிருந்து குடியேற்ற ஆட்சியாற் பறிக்கப்பட்டவை. ஓடையின் ஒவ்வொரு துளியும் கணக்கிடப்பட்டது; நிலம் யாருடையது என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. 2001 இல் மாவு வனத்தின் 60,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் வனப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது, அங்கு எழுந்த சிக்கல் நீரைப் பற்றியதாக மட்டுமன்றி நிலவுரிமையைப் பற்றியதாகவும் அமைந்தது.

நம் மலைநாட்டிலோ வரிசை மாறி நிகழ்ந்தது. முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காடு அழிந்தது. சம்பிரெற்றைப் போல முன்னே அளந்து, ஒரு பள்ளத்தாக்கை ஒப்பீட்டுக்கென ஒதுக்கி, பின்னே வெட்டுதல் இங்கு நிகழவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அக்காட்டை வெட்டினர். களை நீக்கப்பட்ட வெறுஞ்சரிவுகளிலிருந்து மேல்மண் கழுவப்பட்டது. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கம் சில ஆண்டுகளிலேயே வண்டலாற் பெரிதும் நிரம்பியமை, மேல்நீரேந்துப் பிரதேசத்தின் மண் எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டிற்று. பின்னர் பற்றனைப் புல்நிலங்களிற் பைன் நடப்பட்டபோது, ஊற்றுகள் வற்றுகின்றன எனக் கிராமத்தவர் முறையிட்டனர். புல்லைவிட மரம் கூடுதலாக நீரைச் செலவிடும் என்பதை அறிந்தோர்க்கு அம்முறையீடு வியப்பளித்திராது.

காட்டைப் போற்றுவதும் தேயிலையைப் பழிப்பதும் எளிது. இரண்டையும் பதினாறு ஆண்டுகள் அருகருகே வைத்து அளப்பது அரிது. அளவீடு ஆட்சியாளரின் முடிவுக்கு முன்னே வருமாயின் அஃது அறிவாகும். பின்னே வருமாயின் வெறும் இழப்புக் கணக்காகவே எஞ்சும். நம் ஆறுகளின் தலைப்பகுதிகளைப் பற்றி இனி எடுக்கப்படும் முடிவுகளேனும் முதல்வகையைச் சார்ந்தனவாக அமைதல் வேண்டும்.