‘என்று’ என்னும் சொல்லின் வரலாறு



ஆடி மாதத்து மாலை ஒன்றில், லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். வானம் கறுத்தது. கடைக்காரர் வங்காளியில், “பிருஷ்டி ஹொபே பொலே ச்சாதா எனேச்சி” என்றார். என் இளைய மகன் தன் தாயிடம் அதைத் தமிழில், “மழை வரும் சொல்லிக் குடை கொண்டுவந்தாராம்” என்றான். அவளுக்கு நெஞ்சு சுருக்கென்றது. பிள்ளை தமிழை மறந்துவிடுவானோ என்ற அச்சம். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கோ, அப்பிழையின் வேரைக் காணும் ஆவல் எழுந்தது.

‘என்’ என்பது, சொல்லுதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினை. என்கிறான், என்றான், என்பான் என அது முக்காலமும் காட்டும். இலக்கண நூல்களில் முன்னோர் கருத்தைச் சுட்டும் ‘என்ப’, ‘என்மனார்’ ஆகியனவும் அதன் வடிவங்களே. என்ற, என்னும், எனவே, என்றால், என்றாலும் யாவும் அதன் வழித்தோன்றல்கள். ‘என்று’ அதன் வினையெச்சம். ஆயினும், “மழை வரும் என்று குடை எடுத்தேன்” என்னுமிடத்து எவரும் எதுவும் சொல்லவில்லை. அங்கு அது காரணத்தையே உணர்த்துகிறது. வினை தேய்ந்து இடைச்சொல்லாயிற்று. தொல்காப்பியர் இடையியலில் ‘என’ என்னும் சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு நிலைகளை வகுத்து, ‘என்று’ என்பதும் அத்தகையதே என்கிறார்.

தெலுங்கின் ‘அனி’, கன்னடத்தின் ‘எந்து’, மலையாளத்தின் ‘என்னு’ ஆகியவை இதன் உடன்பிறப்புகள். வியப்பு யாதெனில், வேற்றுக் குடும்ப மொழிகளும் இவ்வழியே சென்றிருப்பதுதான். ‘சொல்லி’ எனப் பொருள்படும் வங்காளியின் ‘பொலியா’ சுருங்கிப் ‘பொலே’ ஆயிற்று. அஸ்ஸாமியில் ‘புலி’, மராத்தியில் ‘ம்ஹணூன்’, சிங்களத்தில் ‘கியலா’ ஆகியவையும் அவ்வாறே. வினையல்லாத சமஸ்கிருத ‘இதி’யும் மேற்கோளின் இறுதியிலேயே பெரும்பாலும் நிற்கிறது.

கொல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுநீதி குமார் சாட்டர்ஜி, வங்காளியின் தோற்றத்தைப் பற்றி 1926இல் வெளியிட்ட பெருநூலில் அம்மொழியில் படிந்த திராவிடச் சாயலை ஆராய்ந்தார். அமெரிக்க அறிஞர் எமனோ, 1956இல் இந்தியா முழுவதையும் ஒரே மொழி வட்டாரமாகக் காட்டினார். ‘இதி’யின் வழக்கில் திராவிடத் தொடர்பு உண்டு என 1967இல் டச்சு அறிஞர் கைப்பர் வாதிட்டார். அதனை மறுப்போரும் உளர். யார் யாரிடம் கடன் பெற்றனர் என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. நெடுங்காலம் அண்டை வீட்டாராக வாழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆகவே என் மகன் செய்தது மறதியன்று. ‘பொலே’யின் சொற்பொருளைப் பெயர்த்தானே தவிர, அதன் தொழிலைப் பெயர்க்கவில்லை. “பொலே வருமிடத்தில் ‘என்று’ வைத்துப் பார்” என்றேன். “மழை வரும் என்று குடை கொண்டுவந்தார்” எனத் திருத்திக்கொண்டான். பக்கத்து வீட்டு மொழியே தமிழுக்குத் திறவுகோல் ஆயிற்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் ‘சட்டென்று’ என்பதை வங்காளியர் ‘சொட் கொரே’ என்பர். அங்கே ‘சொல்லி’ இல்லை, ‘செய்து’ என்னும் வினையே நிற்கிறது. அவ்விடத்தில் இரு மொழிகளும் பிரிகின்றன. எங்கே இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்று அறிந்த பிள்ளை இரண்டையும் இழக்கமாட்டான்.