சிதைந்த சுருளும் வரலாற்று நோக்கும்

வடிவம் வரலாற்றின் விளைவு என்பது இலக்கிய ஆய்வாளர் நன்கறிந்த கோட்பாடு. வானியல் ஆய்வும் தன் வழியே இம்முடிவை வந்தடைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

1845இல் அயர்லாந்தின் நிலப்பிரபுக்களுள் ஒருவரான றோஸ் பிரபு, தமது கோட்டை வளவில் நிறுவிய 72 அங்குல ஆடித் தொலைநோக்கியினூடாக எம்51 எனும் ஒளிமுகிலிற் சுருள் வடிவைக் கண்டார். அவ்வாண்டிலேயே தொடங்கிய பெரும் பஞ்சம் அவதானிப்பையும் தடைசெய்தது. விஞ்ஞானக் கருவியும் சமூகத்துக்கு வெளியே நிற்பதில்லை.

ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இவ்விண்மீன் திரளின் ஒரு கரம், அருகிலுள்ள சிறு திரளை நோக்கி இழுபட்டுக் கிடக்கிறது. 1959இல் மொஸ்கோவின் வொரொன்சோவ்-வெல்யாமினொவ், ஒன்றையொன்று பாதிக்கும் திரள்களின் படத்தொகுதியை வெளியிட்டபோது எம்51 அதன் முதற் பதிவாயிற்று. ஆயினும் 1966இல் வெளிவந்த ஆர்ப்பின் படத்தொகுதி இத்தகையவற்றை 'விசித்திரமானவை' என்றே தலைப்பிட்டது. சீரான வடிவமே இயல்பு, ஏனையவை பிறழ்வு என்ற நோக்கின் எச்சம் இது.

1941இல் சுவீடனின் ஹொல்ம்பேர்க், ஒளியும் ஈர்ப்பும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதைப் பயன்படுத்தி, 74 மின்குமிழ்களைக் கையால் நகர்த்தி இரு திரள்களின் சந்திப்பைக் கணித்தார். 1943இல், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், விண்மீன்களிடையே செல்லும் பெரும்பொருள் அவற்றின் ஈர்ப்பால் வேகமிழக்கும் என நிறுவினார். மோதும் திரள்கள் ஈற்றில் ஒன்றாவதன் காரணத்தை இது விளக்குகிறது. 1972இல் தூம்ரே சகோதரர் கணனியின் துணையுடன், எம்51இன் சிதைவு கடந்துசென்ற அண்டைத் திரளின் ஈர்ப்பால் நேரக்கூடியதே எனக் காட்டினர். பிறழ்வு எனப்பட்டது சந்திப்பின் சுவடாயிற்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வழங்கும், சிங்களமும் ஆங்கிலமும் விரவிய பேச்சுத்தமிழைக் 'கொச்சை' என ஒதுக்கும் தூய்மைவாதிகள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அம்மொழியிற் பிழைகளை மட்டும் தேடுவோர், அதனைப் பேசும் மக்களின் உழைப்பையும் அயலுறவையும் காணத் தவறுகின்றனர்.

எனினும் இயற்கையின் விதியைச் சமூகத்தின்மேல் அப்படியே ஏற்றுதல் தவறு. விண்மீன் திரள்களுக்கு நோக்கமில்லை. 1983 யூலையில் வெள்ளவத்தையில் நிகழ்ந்தது இயற்கையின் மோதலன்று. அதற்கு மனிதப் பொறுப்பு உண்டு. சுவடுகளை வாசிப்பதோடு, அவற்றை ஏற்படுத்தியோரை இனங்காண்பதும் வரலாற்று ஆய்வின் கடனாகும்.