புரத உருவாக்கத்தைத் தடுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள்

பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு, அது புரதம் உருவாக்குவதை நிறுத்தும் அல்லது பிழைபடச் செய்யும் மருந்துகள் இப்பிரிவைச் சேர்ந்தவை. புரதம் இல்லாமல் பாக்டீரியா வளரவோ பெருகவோ முடியாது. பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ் வகை. மனித உயிரணுவில் இருப்பது 80எஸ் வகை. இந்த வேறுபாட்டால்தான் மருந்து கிருமியைத் தாக்கி, உடலைப் பெரும்பாலும் காக்கிறது.

70எஸ் ரைபோசோமில் 30எஸ், 50எஸ் என்னும் இரு துணையலகுகள் உள்ளன. 30எஸ் மரபுச்செய்தியைப் படிக்கிறது. 50எஸ் அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கிறது. 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் 30எஸ்-ஐப் பற்றிச் செய்தியைப் பிழையாக வாசிக்க வைக்கிறது. டாக்சிசைக்ளின் உள்ளிட்ட டெட்ராசைக்ளின்கள், அமினோ அமிலம் ஏந்திய ஆர்.என்.ஏ. அங்கே வந்தமரும் இடத்தை மறிக்கின்றன. குளோரம்பெனிகால் 50எஸ்-இல் அமினோ அமிலப் பிணைப்பைத் தடுக்கிறது. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும் அதே 50எஸ்-இல் புதிய புரதச் சங்கிலி வெளியேறும் பாதையை அடைக்கின்றன.

30எஸ்-இன் அணு அமைப்பையும், சில மருந்துகள் அதில் பற்றும் இடங்களையும் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு 2000-இல் வெளியிட்டது. ரைபோசோம் ஆய்வுக்காக அவரும் தாமஸ் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும் 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இம்மருந்துகளின் தேவை வேலூர், வாணியம்பாடி வட்டாரங்களுக்கு நெருக்கமானது. புதர்ப் பகுதிகளில் வாழும் நுண்சிலந்தியின் இளம்புழு கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இங்கு காணப்படுகிறது. கடித்த இடத்தில் சிலருக்குக் கருகிய பொருக்கு தோன்றும். இதன் கிருமியான ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி மனித உயிரணுவுக்குள் வாழ்கிறது. பென்சிலின் இதற்குப் பயன்படாது. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் உயிரணுவுக்குள் புகுந்து செயல்படுகின்றன.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. கடும் ஸ்க்ரப் டைபஸ் கண்ட 794 பேருக்கு இவ்விரண்டில் ஒன்றோ இரண்டும் சேர்த்தோ சிரை வழியாக 7 நாள் தரப்பட்டன. மரணம், நீடித்த காய்ச்சல், நீடித்த உறுப்புப் பாதிப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் நேர்ந்தவர்கள் டாக்சிசைக்ளின் பிரிவில் 47%, அசித்ரோமைசின் பிரிவில் 48%, கூட்டுச் சிகிச்சையில் 33%. மரணத்தை மட்டும் தனியே பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரைபோசோமின் இரு துணையலகுகளையும் ஒருசேரத் தடுப்பது இப்பலனுக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை ஒத்திருப்பது சில பக்கவிளைவுகளுக்குக் காரணம். ஸ்ட்ரெப்டோமைசின் செவியையும், குளோரம்பெனிகால் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கக்கூடும். இதற்குத் தொடர்பின்றி, டெட்ராசைக்ளின் வளரும் பற்களில் கறை படியச் செய்யும்.

ரைபோசோமில் மருந்து பற்றும் இடத்தை மாற்றியும், மருந்தை வெளியேற்றியும், நொதியால் சிதைத்தும் பாக்டீரியா எதிர்ப்பாற்றல் பெறுகிறது. வைரஸ் காய்ச்சலுக்கு இவற்றை உட்கொள்வதால் பலனில்லை. எதிர்ப்பாற்றல் பரவவே அது வழி செய்கிறது. எனவே மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.