பறித்த காய்கறி பாழாகாமல் சந்தை சேர: சிறு விவசாயிகள் அறிய வேண்டியவை

உலகில் விளையும் உணவில் சுமார் 14 விழுக்காடு, அறுவடைக்குப் பிறகு சில்லறைக் கடையை எட்டும் முன்பே வீணாகிறது என ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. தானியங்களைவிடக் காய்கறி, பழங்களில் இழப்பு அதிகம். குளிர்பதனக் கிடங்கு இல்லாததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், பறித்த முதல் சில மணி நேரத்திலேயே கேடு தொடங்கிவிடுகிறது. அதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை.

லாபம்தான் முதலில் கரைகிறது

100 கிலோ வெண்டைக்காய் விளைவிக்க 200 ரிங்கிட் செலவு என்று வைத்துக்கொள்வோம். கிலோ 3 ரிங்கிட்டுக்கு விற்றால் 300 ரிங்கிட் வரும், லாபம் 100. அதில் 20 கிலோ கெட்டுப்போனால் வரவு 240 ரிங்கிட்டாகக் குறையும். கையில் நிற்பது 40 மட்டுமே. சரக்கில் போனது ஐந்தில் ஒரு பங்கு. லாபத்தில் போனதோ பாதிக்கும் மேல். விதை, உரம், கூலி, பெட்ரோல் எல்லாம் 100 கிலோவுக்கும் ஏற்கெனவே செலவாகிவிட்டன.

ஏன் கெடுகிறது?

செடியிலிருந்து பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அது சுவாசிக்கிறது, வெப்பத்தை வெளியிடுகிறது, நீரை இழக்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால், கெடும் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். காயம்பட்ட இடத்தில் பூஞ்சணம் நுழைந்து பக்கத்துக் காய்க்கும் பரவும்.

செய்ய வேண்டியவை

• விடியற்காலையில் பறியுங்கள். பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள்.

• கங்கோங், சாவி போன்ற கீரைகளைச் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, நீரை வடித்துவிட்டு அடுக்குங்கள். அழுக்கு நீர் அழுகலைப் பரப்பும்.

• சாக்கில் திணிப்பதைத் தவிர்த்து, துளையுள்ள பிளாஸ்டிக் கூடைகளைப் பயன்படுத்துங்கள். கூடையின் விளிம்புக்கு மேல் நிரப்பினால், அடுக்கும்போது மேல் கூடையின் பாரம் காய்மீது விழும்.

• அடிபட்டவற்றையும் அழுகியவற்றையும் தோட்டத்திலேயே பிரித்துவிடுங்கள்.

• பழுத்த வாழை, பப்பாளி, மாம்பழம் ஆகியவை எத்திலீன் வாயுவை வெளியிடும். அவற்றின் அருகில் கீரையையும் வெள்ளரியையும் வைத்தால் விரைவில் மஞ்சளாகும்.

• லோரியில் ஏற்றும்போது வெயில் படாமல் மூடுங்கள். காற்று போக இடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் குளிரில் வைக்கலாமா?

கூடாது. சாவி, முட்டைகோஸ், கேரட் குளிரைத் தாங்கும். வாழை, கத்தரி, வெள்ளரி, தக்காளி வெப்பத்தில் வளர்ந்தவை. வாழைக்கு 13 பாகைக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். கத்தரியும் வெள்ளரியும் பல நாள் கடுங்குளிரில் இருந்தால், வெளியே எடுத்தபின் குழி விழுந்து அழுகும்.

வெளிநாட்டு அனுபவம்

புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், மின்சாரம் தேவையில்லாத குளிர் அறையை உருவாக்கியது. இரண்டு செங்கல் சுவர்களுக்கு இடையே மணல் நிரப்பி நீர் தெளித்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. நைஜீரியாவின் முகமது பா அப்பா இதே முறையில் இரண்டு மண்பானைகளைக் கொண்டு கலம் செய்து, 2000-இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். ஆனால், இவை வறண்ட காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். மலேசியாவின் ஈரக் காற்றில் நீர் மெதுவாகவே ஆவியாவதால் பலன் குறைவு. இங்கு அதிகாலை அறுவடையும் நிழலும் விரைவான விற்பனையுமே கைகொடுக்கும்.

சந்தையில்

தரம் பிரித்தல், பொட்டலமிடுதல், பெயர்ச்சீட்டு ஒட்டுதல் குறித்து ஃபாமா எனப்படும் கூட்டரசு வேளாண் சந்தை வாரியம் 2008 முதல் விதிமுறைகள் வைத்துள்ளது. தரம் பிரித்த சரக்கை மொத்த வியாபாரி குறை சொல்லித் திருப்புவது குறையும். அறுவடைக்குப் பிந்திய பராமரிப்பு பற்றி மார்டி ஆராய்ச்சிக் கழகத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

முதல் வேலையாக, ஒரு வாரம் நீங்கள் கழிக்கும் காய்களை எடை போட்டு எழுதி வையுங்கள். வாடியது அதிகமென்றால் வெயிலும் தாமதமும் காரணம். நசுங்கியது அதிகமென்றால் கூடையும் ஏற்றும் முறையும் காரணம். அழுகியது அதிகமென்றால் காயமும் அழுக்கு நீரும் காரணம். எதை முதலில் மாற்றுவது என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும்.