வந்தவர் என்னும் சொல்: இடையன்குடியும் இடைசெவலும்

கால்டுவெல் எழுதிய இரு நூல்களை ஒருங்கே வைத்துப் படிப்போர் குறைவு. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணம், தமிழும் தெலுங்கும் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, ஒரே குடும்பத்தின் உடன்பிறப்புகள் என நிறுவிற்று. அதற்கு ஏழாண்டு முன்னர், 1849இல், தாம் ஊழியம் செய்த இடையன்குடிப் பகுதி மக்களைக் குறித்து அவர் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்' என்னும் சிறுநூல் வேறு வகையினது. அம்மக்கள் இலங்கையின் வடகரையினின்று வந்து குடியேறியோர் என்றும், அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தோர் என்றும் அது கூறிற்று. ஆங்கிலம் வாசிப்போர்க்கென எழுதப்பட்ட நூல் அது. ஆனால் அதில் விவரிக்கப்பட்டோரும் ஆங்கிலம் கற்றனர். கற்பித்தவை மிஷன் பள்ளிகளே.

எதிர்ப்பு சபைக்குள்ளிருந்தே எழுந்தது. மிஷனை விட்டு நீங்கிய சட்டாம்பிள்ளை 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பிய மிஷனெரிமாரின் ஆளுகைக்கு உட்படாத இந்து கிறிஸ்தவ சபையைத் தோற்றுவித்தார். கால்டுவெல் 1877இல் பேராயரான பின்னரும் கண்டனம் ஓயவில்லை. இறுதியில், 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 'நாடார்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. தம்மை ஆத்துமாக்களாக நேசித்தவரே தம்மைத் தாழ்ந்த இனமாக வரைந்தார் என்பதே அம்மக்களின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தியிருத்தல் வேண்டும்.

வேற்றிடத்தினின்று வந்தோர் என்பது தன்னளவில் இழிவாகுமோ? விடை தேடித் தேரிமணலை விட்டு வடக்கே, கோவில்பட்டியை அடுத்த கரிசல் சிற்றூரான இடைசெவலுக்குச் செல்வோம். 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இருவரும் இவ்வூரினர். இருவர்க்கும் வீட்டுமொழி தெலுங்கு. கி.ரா. 1976இல் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' என்னும் நாவல், தெலுங்கு நாட்டினின்று தப்பியோடிவந்த குடும்பங்கள் காடு திருத்திக் கரிசலை விளைநிலமாக்கிய கதையை மூதாட்டி ஒருத்தியின் நினைவாகச் சொல்கிறது. 'நாங்கள் வந்தவர்கள்' என்பது இங்குப் பழியன்று, பெருமிதம். கரிசல் தமிழின் சொற்களைத் திரட்டி 1982இல் வழக்குச் சொல்லகராதி தந்தவரும் இத்தெலுங்கு வீட்டுப் பிள்ளையே என்பது நோக்கத்தக்கது. ஒரே செய்தி பிறர் வாயில் வசையாகவும் தன் வாயில் மரபாகவும் ஆகின்றது. முதற்பலன் கூடையைக் கொண்டுவரும் இஸ்ரவேலனும் தன் முன்னோன் அலைந்து திரிந்தவன் என்றே அறிக்கையிட வேண்டும் (உபாகமம் 26).

எனினும் இங்கே நின்றுவிடுதல் ஆகாது. அவ்வறிக்கையைச் செய்பவன் நிலம் பெற்றவன். கோபல்ல கிராமமும் நிலம் பெற்றோரின் நினைவே. அதே கரிசலில் அதே தெலுங்கை வீட்டில் பேசும் அருந்ததியர் பலர் தலைமுறைகளாகப் பிறர் புன்செய்யில் உழைத்தனர். மொழி ஒன்று, தெரு வேறு, கிணறு வேறு. மொழியைக்கொண்டு இனத்தை அளந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோல் இவ்விடத்தில் பயனற்றுப்போகிறது. அண்மைக்காலத்தில் 'வந்தேறி' என்னும் சொல் தெலுங்கு வீட்டுமொழியினர்மீது மேடைகளில் வீசப்படுவதுண்டு. நிலமுடையோர்க்கு அதனைத் தாங்கப் பட்டாவும் உண்டு, நாவலும் உண்டு. அருந்ததியர்க்கோ சாதி இழிவின்மேல் அது மற்றோர் அடியாக விழுகிறது.

முதற்பலன் படைக்கும் நாளில் நிலமற்ற லேவியனும் அந்நியனும் மகிழ்ச்சியில் பங்குபெற வேண்டும் என்பதையும் அதே அதிகாரம் கூறுகிறது (11ஆம் வசனம்); நம் பிரசங்கங்களில் இவ்வசனம் ஏனோ அரிதாகவே வருகிறது. கரிசல் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் தேதியும் கிடைக்கும். அக்குடும்பம் நடந்துவந்த வழி கிடைக்காது. அதனை அறிந்த முதியோர் சிலரேனும் இருக்கையில், சபைப் போதகரோ இறையியல் மாணவரோ திண்ணையில் அமர்ந்து, அவர்கள் வீட்டுமொழியிலேயே கேட்டு எழுதிவைக்கலாம்.