படச் சட்டமிடும் பட்டறை

படச் சட்டமிடும் பட்டறை என்பது ஓவியம், ஒளிப்படம், அச்சுப்படம், சான்றிதழ் போன்றவற்றுக்குச் சட்டம், கண்ணாடி, பின்பலகை ஆகியவற்றை அளவாக வெட்டிப் பொருத்தித் தரும் சிறுதொழிற்கூடம். தமிழ்நாட்டில் ‘பிரேம் கடை’ என்பது இதன் வழக்குப் பெயர். தச்சு, கண்ணாடி வெட்டு, தாள் பாதுகாப்பு என்ற மூன்று வேலைகள் இங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. முதல் வேலையில் பறக்கும் மரத்தூள் மூன்றாம் வேலையைக் கெடுக்கும் என்பதால், பட்டறை அமைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது தூசியைப் பற்றித்தான்.

பின்னணி

ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் தெய்வ உருவங்களைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தன. பின்னர் கோவில்பட்டியின் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் காலண்டர்களாக அச்சாகிப் பரவின. தாளில் அச்சான படம் விளக்குப் புகையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்காது. கண்ணாடி போட்டால் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேலேயே இடலாம், துடைக்கவும் செய்யலாம். இன்றும் சாமி படம், மறைந்தவர்களின் படம், திருமணப் படம், தலைவர்களின் படம் ஆகியவை இத்தொழிலின் அன்றாட வேலைகள். இறந்தவர் படம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தேவைப்படுவதால், வழக்கமான அளவுகளில் சட்டங்களை முன்கூட்டியே செய்துவைக்கும் கடைகள் உண்டு.

இட அமைப்பு

வெட்டும் இடம், ஒட்டிச் சேர்க்கும் இடம், படத்தைப் பொருத்தும் இடம் என மூன்றாகப் பிரிப்பது நல்லது. தனி அறைக்கு வசதியில்லாதவர்கள் நடுவில் தடுப்போ கனத்த திரையோ போட்டு, காலையில் வெட்டு வேலையையும் தூசி அடங்கிய பின் பொருத்து வேலையையும் செய்யலாம். பொருத்தும் மேசையின் மேல் கம்பளித் துணி விரித்தால் சட்டத்தின் மெருகில் கீறல் விழாது. நீளச் சட்டங்களைப் பல இடங்களில் தாங்கு கொடுத்துப் படுக்கையாக அடுக்க வேண்டும். சுவரில் சாய்த்துவைத்தால் வளைந்துவிடும். கண்ணாடியை மரக்கட்டை அல்லது ரப்பர் மேல் விளிம்பு ஊன்றச் சற்றே சாய்த்து நிறுத்துவார்கள். 2 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ளது. 6×4 அடித் தகடு ஒன்று ஏறத்தாழ 11 கிலோ வரும்.

கருவிகள்

அளவு நாடா, மூலைமட்டம், 45 பாகை வெட்டுப் பெட்டி, நுண்பல் ரம்பம், மூலைக் கவ்வி, கண்ணாடி வெட்டி, சுத்தியல், குறடு ஆகியவை இருந்தால் தொழிலைத் தொடங்கிவிடலாம். வேலை பெருகும்போது முதலில் வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காலால் மிதித்து இயக்கும் வெட்டு இயந்திரம். இதில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைந்த இரு கத்திகள் இறங்கி, ஒரு சட்டத்தின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் சேர்த்தே வெட்டும். ஒரே மிதியில் வெட்டினால் மரம் சிதறும். சிறிது சிறிதாக நகர்த்தி வெட்ட வேண்டும். மற்றொன்று, ‘வி’ வடிவ ஆணியை அடியிலிருந்து ஏற்றி மூலையை இணைக்கும் கருவி. தேக்கு போன்ற கடின மரத்துக்கு முன்கூட்டியே துளையிட்டு, பசையும் ஆணியும் சேர்த்து இணைக்கும் பழைய முறையும் நன்றாகவே நிற்கிறது.

அளவும் வெட்டும்

தேவையான சட்டத்தின் நீளம் படத்தின் சுற்றளவோடு சட்ட அகலத்தின் 8 மடங்கைக் கூட்டினால் கிடைக்கும். 12×18 அங்குலப் படத்துக்கு 1 அங்குலச் சட்டம் போட 60 + 8 = 68 அங்குலம் வேண்டும். 10 அடிக் கோலில் இது போக 52 அங்குலம் மிஞ்சும். அதில் 44 அங்குலம் தேவைப்படும் 8×10 சட்டம் ஒன்று அடங்கிவிடும். மீதி 8 அங்குலம் வெட்டுச் சேதாரத்துக்குப் போகும். இப்படிப் பெரிய வேலையோடு சிறிய அளவையும் சேர்த்து வெட்டுவதில்தான் லாபம் நிற்கிறது.

எதிரெதிர்ப் பக்கங்கள் நீளத்தில் இம்மியும் பிசகக் கூடாது. நான்கு மூலைகளுக்கு 8 வெட்டுகள். ஒவ்வொன்றும் அரைப் பாகை ஒரே பக்கம் தவறினால் கடைசி மூலையில் 4 பாகை இடைவெளி திறந்துவிடும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, சமமாக இருந்தால் மூலைகள் செங்கோணமாக அமைந்தன என்று கொள்ளலாம்.

கண்ணாடி, மவுண்ட், பின்பலகை

கண்ணாடியைச் சட்டத்தின் உட்பள்ளத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. குறைவாக வெட்டுவது வழக்கம். வெட்டியின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒரே இழுப்பில் கோடு போட்டு, உடனே உடைக்க வேண்டும். போட்ட கோட்டின் மேல் மறுபடி இழுத்தால் கண்ணாடி தாறுமாறாகப் பிளக்கும், சக்கரமும் மழுங்கும்.

படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரக்காற்றுள்ள ஊர்களில் ஒளிப்படத்தின் மேற்பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது உண்டு. சன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை அழகு தருவதோடு இந்த இடைவெளியையும் தருகிறது. மரக்கூழில் செய்த மலிவான அட்டையின் அமிலம் சில ஆண்டுகளில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோட்டை உண்டாக்கும். எனவே மூலப்படங்களுக்கு அமிலமற்ற பருத்தி அட்டையே ஏற்றது. செலோடேப்பின் பசை தாளில் கறையாக இறங்கிவிடும். கோதுமை மாப்பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு மேல்விளிம்பில் மட்டும் படத்தைத் தொங்கவிட்டால், தேவைப்படும்போது சேதமின்றிப் பிரிக்கலாம். பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்யும் முறை விரைவானது, மலிவானது. அதன்பின் படத்தை மீட்க முடியாது என்பதை வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியங்கள்

பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பசையால் புடைப்பு எழுப்பி, தங்கத் தாளும் கற்களும் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சாதாரணச் சட்டத்தின் ஆழம் போதாது. கற்களுக்கும் கண்ணாடிக்கும் இடையே மரப்பட்டை கொடுத்து இடைவெளி விட வேண்டும். பலகையின் கனத்தைத் தாங்கவும் அகலமான தேக்குச் சட்டம் தேவை. வேலைப்பாடு மிக்க செட்டிநாட்டுச் சட்டங்கள் இதற்கு விரும்பப்படுகின்றன. ஈரத்துணி பட்டால் புடைப்பு இளகக்கூடும் என்பதால் ஓவியத்தின் அருகே கண்ணாடியை நீர் தெளித்துத் துடைக்கக் கூடாது.

மாட்டும் முறை

கனமான படங்களைப் பழைய வீடுகளில் கீழே இரு கட்டைகள் அல்லது ஆணிகளில் உட்காரவைத்து, மேலே கம்பியால் இழுத்து முன்பக்கம் சாய்வாக மாட்டுவார்கள். எடை முழுதும் கம்பியில் விழாததோடு, உயரத்தில் உள்ள படம் கீழிருந்து பார்ப்பவருக்குத் தெளிவாகவும் தெரியும். சுவரோடு ஒட்டி மாட்டும் சட்டங்களின் பின்மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும். ஈரம் தங்குவதும் பூச்சி அடைவதும் குறையும். பின்பக்க இணைப்பைப் பழுப்புத் தாள் ஒட்டி மூடுவது தூசியையும் வெள்ளிப்பூச்சியையும் தடுக்கும்.

பதிவும் கணக்கும்

உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். மானியக் கடன் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். விலையில் சட்டம், கண்ணாடி, அட்டை, கொக்கி ஆகியவற்றோடு வெட்டுச் சேதாரம், உடையும் கண்ணாடி, வேலை நேரம் ஆகியவற்றையும் சேர்க்காவிட்டால் நட்டம் வரும். படத்தை வாங்கும்போதே அதிலுள்ள கிழிசல், கறை, மடிப்பு ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து பெறுவது நல்லது. குடும்பத்தில் ஒரே பிரதியாக எஞ்சியிருக்கும் பழைய ஒளிப்படங்கள் வரும் தொழில் இது. அவற்றைச் சட்டமிடும் முன் ஸ்கேன் செய்துகொள்ளச் சொல்வதும் பட்டறையாளரின் கடமைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.